ஐப்பசி பிறக்கும் முன்: வாசகர் கேள்வி - பதில்

'பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி' என்பார்கள். காய்ச்சலும் பெய்தலும் ஒரே மாதத்துக்குள் வந்து போகும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில், அதாவது ஐப்பசி பிறந்த இரண்டு மூன்று நாளில் தொடங்குகிறது. அதன்பிறகு கார்த்திகை முடியும் வரை, பழந்தமிழர் கூதிர்காலம் என்று சொன்ன அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள் ஈரம்தான். ஆகவே காய்ந்தால்தான் சரியாகும் என்கிற வேலை எல்லாவற்றுக்கும் செப்டம்பர் 17 முதல் சுமார் நான்கு வாரம் மட்டுமே இருக்கிறது. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நான்கு வாரத்தைப் பற்றியவை.

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தட்டோடு பதித்து பதினைந்து வருடம் ஆகிறது. போன மழையில் படுக்கையறைக் கூரையில் ஈரத்திட்டு வந்தது. கொத்தனார் ஒருவர் மேலே வெள்ளை நிற வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். போதுமா? - வாசகர், விழுப்புரம்

பதில்: எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியாமல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. முதலில் போன வருடத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். மழை தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் சொட்டியதா? அப்படியானால் நேரான வெடிப்பு, அல்லது மழைநீர்க் குழாய் கூரைக்குள் இறங்கும் இடம். மழை நின்று இரண்டு மூன்று நாள் கழித்துத் திட்டு வந்ததா? தட்டோட்டுக்கு அடியில் உள்ள செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கீழே விடுகிறது என்று அர்த்தம். கோடையிலும் அதே இடம் ஈரமாக இருந்தால் மாடியை விட்டுவிட்டுக் குளியலறைக் குழாயைப் பாருங்கள்.

தட்டோடு போட்ட மாடிகளில் பெரும்பாலும் கெட்டுப்போவது ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இணைப்பும், கைப்பிடிச் சுவர் தளத்தைச் சந்திக்கும் மூலையும்தான். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி அந்த இணைப்புச் சிமெண்ட் மயிரிழையாக விட்டுவிடும். அதைச் சுரண்டும் கம்பியால் அரை அங்குல ஆழத்துக்குத் தோண்டி எடுத்து, தூசியைப் பிரஷ்ஷால் தள்ளி, கழுவிக் காயவிடுங்கள். பிறகு 1 பங்கு சிமெண்ட், 3 பங்கு சலித்த மணல், அதில் நீர்க்கசிவு தடுக்கும் திரவம் (பொதுவாக 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி, டப்பாவில் போட்டிருக்கும் அளவே முடிவு) சேர்த்து அழுத்தி நிரப்ப வேண்டும். ஈரச் சாக்கு போட்டு ஐந்து நாளாவது தண்ணீர் காட்டுங்கள். புரட்டாசி வெயிலில் இதை விட்டால் மறுபடி வெடிக்கும். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். சுவர் மூலையில் மூன்று அங்குல உயரம், மூன்று அங்குல அகலத்தில் சரிவாக ஒரு கலவைப் பட்டை கட்டச் சொல்லுங்கள். நேர்கோணமான மூலையில் எந்தப் பூச்சும் நீடிக்காது.

பெயின்ட் பூச்சு இதெல்லாம் முடிந்த பிறகு. அதற்கு முன் ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதன்மேல் பூசினால் வெயில் அடித்ததும் அந்த ஈரம் ஆவியாகி மேலே தள்ளும், பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். காய்ந்தது உறுதியானால் முதல் கை நீர்த்துப் பூசி, மூலைகளில் ஃபைபர் வலைத் துணி ஒட்டி, அதன்மேல் இரண்டு கை. ஒரு கை கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது தெற்கு வடக்காக. நடுவே ஆறு முதல் எட்டு மணி நேரம் விடுங்கள். கடைசிக் கைக்குப் பிறகு மூன்று நாள் மழை இல்லாமல் இருந்தால் நல்லது.

தளத்தின் வாட்டத்தையும் பாருங்கள். 20 அடி நீளத்துக்கு மூன்று அங்குலம் சரிவு வேண்டும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அரை மணி கழித்து எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தில்தான் கூடுதல் கவனம். குழாய் வாயை அடைத்து மாடி முழுக்க ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் சோதிக்கும் வழக்கமும் உண்டு. கான்கிரீட் தளத்துக்கு அது பொருந்தும். மரவிட்டம் போட்ட பழைய மெட்ராஸ் ஒட்டுத்தளத்தில் வேண்டாம். 1,000 சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 2,360 கிலோ பாரம்.

கேள்வி: தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்குள் கீழ்ச்சுவரில் பெயின்ட் உரிந்துவிடுகிறது. தரமான பெயின்ட்தான் வாங்குகிறோம். - வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பெயின்ட் மீது தவறில்லை, நாள் மீதுதான் தவறு. தீபாவளி அக்டோபர் பின்பாதியிலோ நவம்பர் முதல் பாதியிலோ வரும். அதற்கு ஒரு வாரம் முன்பு என்றால் பெரும்பாலும் மழையின் நடுவே அடிக்கிறீர்கள். உங்கள் கடற்கரைப் பகுதியில் நவம்பர்தான் மழையின் உச்சம். இந்த வருடம் புரட்டாசி முதல் பாதியிலேயே வெளிச்சுவரை முடித்துவிடுங்கள்.

கீழ்ச்சுவரில் மட்டும், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை உரிகிறது என்றால் மண்ணிலிருந்து ஈரம் செங்கல் வழியே ஏறுகிறது. கூடவே உப்பும் ஏறி, சுவர்ப் பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். அந்த உப்பை ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளி, முறத்தில் வாங்கி வெளியே கொட்டுங்கள். பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷன் பெயின்ட் அந்த ஈரத்தை வெளியே விடாமல் மூடிக்கொள்கிறது. உள்ளேயிருந்து தள்ளும்போது தோலாக உரிகிறது. அதற்கு மேல் புட்டி (சுவரைச் சமன்செய்யும் பூச்சு) வைத்தால் புட்டியோடு சேர்ந்து வரும்.

அப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புதான் நல்லது. ஈரம் வெளியேற அது வழி விடும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பொங்கிக் கொதிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள், கண்ணாடி அணியாமல் குனிந்து பார்க்காதீர்கள். 24 மணி நேரம் ஊறிய பிறகு பருத்தித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து மூன்று கை அடியுங்கள். ஒவ்வொரு கையும் முழுக்கக் காய வேண்டும். அடிக்கும்போது தண்ணீர் மாதிரி தெரியும், காய்ந்ததும் வெளுக்கும். அவசரப்பட்டுக் கெட்டியாக அடித்தால் கையில் ஒட்டும், திப்பியாக உதிரும்.

கேள்வி: மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறது. ஆனால் மழை பெய்தால் தண்ணீர் தொட்டியில் இறங்காமல் வெளியே வழிந்து தெருவுக்குப் போகிறது. முதல் மழையைத் தவிர்க்க பிளம்பர் ஒரு சின்னக் குழாயும் வைத்துக் கொடுத்தார். - வாசகர், தாம்பரம்

பதில்: 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயமானது. அப்போது அமைத்த பல தொட்டிகளில் மணலை அதன்பிறகு யாரும் தொட்டதே இல்லை. மேல் மணலில் வண்டலும் இலைச் சருகும் படிந்து தோல் மாதிரி மூடிக்கொண்டிருக்கும். தண்ணீர் இறங்க வழியில்லாமல் வழிகிறது. மேலிருந்து மூன்று அங்குல மணலை அள்ளி, வாளியில் தண்ணீர் தெளியும் வரை அலசி, காயவைத்துத் திரும்பப் போடுங்கள். ஐந்து வருடமாகத் தொடவில்லை என்றால் முழுவதையும் எடுத்துவிடுவது நல்லது. அடியில் 40 மில்லிமீட்டர் ஜல்லி ஒரு அடி, அதன்மேல் 20 மில்லிமீட்டர் ஜல்லி அரை அடி, ஒரு நைலான் வலை, மேலே பருமணல் ஒரு அடி, அதற்கும் மேலே தண்ணீர் நிற்க அரை அடி காலியிடம். வலையை விட்டுவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி எல்லாம் ஒன்றாகிவிடும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுவதாக இருந்தால் அதிலுள்ள தூளைக் கழுவாமல் போடாதீர்கள்; அந்தத் தூளே அடைக்கும்.

பிளம்பர் வைத்த சின்னக் குழாயைப் பற்றி: நான்கு அங்குல பி.வி.சி. குழாய் ஒரு மீட்டருக்கு எட்டரை லிட்டர் மட்டுமே பிடிக்கும். 1,000 சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழையே 93 லிட்டர். பறவை எச்சமும் தூசியும் அந்த முதல் ஒன்று, இரண்டு மில்லிமீட்டரில்தான் வருகின்றன. மூன்று அடிக் குழாய் அதைப் பிடிக்காது. 100 லிட்டர் டிரம் ஒன்றை அந்த இடத்தில் வைத்து அடியில் வால்வு பொருத்துங்கள். இல்லையென்றால் பருவத்தின் முதல் மழையன்று தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றி இருபது நிமிடம் வெளியே விடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடல் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரி மழை ஏறத்தாழ 44 சென்டிமீட்டர். சென்னைப் பக்கம் அதைவிட நிறையவே பெய்யும். அந்தச் சராசரியை வைத்தாலும், ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும், 1,000 சதுர அடி மாடியிலிருந்து 32,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். மாடியில் புதிதாக ஏதாவது பூச்சு அடித்திருந்தால் முதல் இரண்டு மூன்று மழையைத் தொட்டிக்கு விடாதீர்கள்.

கேள்வி: நவராத்திரி கொலு முடிந்து பொம்மைகளை எடுத்து வைத்தால், அடுத்த வருடம் பிரிக்கும்போது சிலவற்றில் வண்ணம் உரிந்து, செய்தித்தாள் எழுத்து ஒட்டிக்கொண்டு, காகிதக்கூழ் பொம்மைகளில் பூச்சி அரித்து இருக்கிறது. இரண்டு மரப்பாச்சி என் பாட்டி காலத்தவை. எப்படிப் பாதுகாப்பது? அடுக்குமாடியில் ஐந்து படி வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்றும் சொல்லுங்கள். - வாசகி, கும்பகோணம்

பதில்: இடத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். படி ஒன்றுக்கு அகலம் 10 அங்குலம், உயரம் 8 அங்குலம் என்றால் ஐந்து படிக்குச் சுவரிலிருந்து 50 அங்குலம் முன்னால் வரும், அதாவது நாலு அடிக்குச் சற்று அதிகம். சுவரை ஒட்டி வைக்காமல் நாலு அங்குலம் தள்ளி வையுங்கள். ஒன்று காற்றோட்டத்துக்கு, இன்னொன்று பின்னால் கை விட்டுத் துணியைச் சரிசெய்ய. துளையிட்ட இரும்பு ஆங்கிள் சட்டமும் முக்கால் அங்குல பிளைவுட் பலகையும் போதும்; மூன்று அடிக்கு ஒரு தாங்கல் இல்லையென்றால் பலகை நடுவில் தொய்யும். சீரியல் விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும். பழைய மாதிரி குண்டு பல்பு காகிதப் பொம்மைக்கும் வேட்டிக்கும் பக்கத்தில் சூடேறும்.

இப்போது பாதுகாப்பு. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எடுத்து, அன்றே கட்டிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். பல வீடுகளில் பிழை அங்கேதான். பத்து நாள் திறந்து வைத்த மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நவராத்திரி அக்டோபர் நடுவில் வரும் வருடங்களில் இன்னும் அதிகம். படியிலிருந்து இறக்கியதும் ஒரு பாயில் பரப்பி, வெயில் படாத இடத்தில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் விடுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் மூன்று நாள். நேர் வெயில் வேண்டாம். காகிதக்கூழ் வளையும், வண்ணம் வெடிக்கும்.

துடைப்பதற்கு ஈரத்துணியை எடுக்கவே எடுக்காதீர்கள். விளாச்சேரி, பண்ருட்டிப் பக்கத்துப் பழைய பொம்மைகள் பலவற்றில் நீரில் கரையும் வண்ணம்தான். மிருதுவான பெயின்ட் பிரஷ், ஓர் அங்குலம் அகலமுள்ளது, போதும். மூக்கு, கை இடுக்கு, நகை வேலைப்பாடு எல்லாவற்றிலும் மேலிருந்து கீழாகத் தூசியைத் தள்ளுங்கள்.

சுற்றுவதில் இரண்டு அடுக்கு. பொம்மையைத் தொடுவது கஞ்சி போடாத, நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துண்டு அல்லது வெள்ளைத் தாள். செய்தித்தாள் அதற்கு வெளியேதான். அச்சு மை வெளிர் வண்ணத்தில் பதிந்தால் போகாது, முகத்தில் பதிந்தால் மனசு ஆறாது. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் இரவுக் குளிரில் நீராகக் கோக்கும். கைகள் நீட்டியிருக்கும் பொம்மைக்குக் கைக்கும் உடலுக்கும் நடுவே துணி உருண்டை வைத்து, பிறகு சுற்றுங்கள்.

பூச்சி அரிப்பது ஏன் என்றால், காகிதக்கூழில் சேர்க்கும் மாவுப் பசை ராமபாணப் பூச்சிக்கு உணவு. அட்டைப்பெட்டியும் அப்படியே. தகர டிரங்குப் பெட்டிக்கு மாறுங்கள். தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி, கட்டைமேல் வையுங்கள். குளியலறைக்கு ஒட்டிய பரண் ஆகாது. நிழலில் சருகாக உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து மூலைக்கு ஒன்று. பச்சை இலை போட்டால் அதுவே ஈரத்தைக் கொண்டுவரும். அந்துருண்டை போடுவதானால் தாளில் பொதிந்து, பொம்மையைத் தொடாமல், தெர்மாகோல் வேலை எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் ஆவி தெர்மாகோலை இளக்கி ஒட்டவைத்துவிடும்.

மரப்பாச்சிகளுக்கு எண்ணெய் பூசிக் கட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்துத் தனியாகச் சுற்றினால் போதும். எண்ணெய்ப் பிசுக்கில் தூசியும் பூசணமும் பிடிக்கும். கடைசியாக, பெட்டிமேல் படி வாரியாக எண் எழுதி, எந்தப் படி எந்தப் பெட்டி என்று ஒரு தாளில் குறித்து உள்மூடியில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: பீரோவில் பட்டுப் புடவைகள் மழைக்காலத்தில் ஒரு வாடை அடிக்கின்றன. பீரோவின் உள் பலகையில் சாம்பல் நிறப் பூசணம். பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைக்கலாமா? - வாசகி, திருச்சி

பதில்: மரப்பலகைக்குப் பிளீச்சிங் சரிப்படாது. மேலே நிறம் போகும், மரத்துக்குள் வேர் இருக்கும். முகக்கவசம் கட்டிக்கொண்டு, நீர்க்காத வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்துப் பூசி, ஒரு மணி நேரம் விட்டுத் துடையுங்கள். உலர்ந்த துணியால் தட்டினால் பூசணத்தூள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சிங்கைக் குளியலறைக்குப் பயன்படுத்தினாலும், அமிலக் கழிப்பறைத் திரவத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும்.

புடவைகளை இப்போதே, ஒரு நல்ல வெயில் நாளில், நிழலில் கொடியில் இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். வியர்வை பட்டதை டிரைகிளீனிங் செய்யாமல் உள்ளே வைத்தால் அந்த இடம் பழுப்பேறும். மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் இருந்தால் ஜரிகை அந்தக் கோட்டில் ஒடியும். கஞ்சி இல்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். ரப்பர் பேண்டும் அந்துருண்டையும் ஜரிகைக்குப் பக்கத்தில் வரக் கூடாது, கறுக்கும். பீரோவைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளுங்கள்.

மழைக்காலத்தில் பீரோவைத் 'காற்றுக்காக' எப்போதும் திறந்து வைப்பது பலர் செய்யும் தவறு. மழை பெய்யும்போதும் பெய்து முடித்த உடனேயும் வெளிக்காற்றில்தான் ஈரம் அதிகம். வெயில் தலைகாட்டும் நாளில் காலை 11 முதல் 3 வரை திறங்கள், அதன்பிறகு மூடுங்கள்.

கேள்வி: துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாமல் நாறுகிறது. கூடுதலாகச் சோப்புத்தூள் போட்டும் போகவில்லை. - வாசகர், வேளச்சேரி

பதில்: கூடுதல் சோப்புதான் நிலைமையை மோசமாக்குகிறது. அலசலில் போகாமல் துணியில் தங்கும் சோப்பும் உடல் அழுக்கும் நுண்ணுயிருக்குத் தீனி. ஈரமாக இருக்கும் நேரம் நீள நீள அவை பெருகி நாற்றம் வரும். தூளைப் பாதியாகக் குறைத்து, ஒரு முறை கூடுதலாக அலசி, இரண்டாம் முறை ஸ்பின் விடுங்கள். ஆறு கிலோ துணி ஸ்பின்னுக்குப் பிறகும் மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீரை வைத்திருக்கும். மூடிய படுக்கையறையில் கொடி கட்டினால் அந்த மூன்று லிட்டரும் சுவருக்கும் மெத்தைக்கும் போகும். ஜன்னலை ஒரு பக்கம் அரை அடி திறந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து டேபிள் ஃபேனைத் துணியின் குறுக்காக வீசவிடுங்கள். துணிக்கும் துணிக்கும் மூன்று விரற்கடை இடைவெளி. ஜீன்ஸை உள்பக்கம் வெளியாக்கி, இடுப்பு வாய் திறந்திருக்குமாறு கிளிப் போடுங்கள்.

ஏற்கெனவே வாடை ஏறிய வெள்ளைப் பருத்தித் துணிக்கு: கை பொறுக்காத சூட்டில் 10 லிட்டர் தண்ணீர், ஆக்சிஜன் பிளீச் (குளோரின் இல்லாத வெளுக்கும் தூள்) இரண்டு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம் ஊறல். பட்டு, கம்பளிக்கு இது ஆகாது. மெஷினின் ரப்பர் வளையத்தை மடித்துப் பாருங்கள். அங்கே கறுப்புப் பிசுக்கு இருந்தால் நாற்றம் அங்கேயிருந்தும் வருகிறது.

கேள்வி: மாதச் சாமான் வாங்கி வைத்தால் மழையில் அரிசி, ரவை, உளுந்து எல்லாவற்றிலும் வண்டு. வெயிலில் காயவைத்த அரிசி சோறாக்கும்போது நொறுங்குகிறது. - வாசகி, மதுரை

பதில்: அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் காட்டக் கூடாது. மேல்பாகம் சட்டென்று காய்ந்து உள்பாகம் ஈரமாக நிற்க, மணியின் குறுக்கே வெடிப்பு விழும். அதுதான் சோற்றில் நொய்யாகிறது. நிழலில், காற்றோட்டத்தில் பரப்புங்கள். உளுந்து, துவரை, மிளகாய், மல்லி, புளி இவற்றுக்கு நேர் வெயில் நல்லது. ஆனால் வெயிலிலிருந்து எடுத்ததும் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடிவிடாதீர்கள். ஆறியதும் போடுங்கள். சூடான பருப்பு மூடிய டப்பாவுக்குள் வியர்க்கும், அந்த வியர்வையில்தான் கட்டி விழுகிறது.

ரவையையும் மைதாவையும் வாங்கிய அன்றே காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் நாலு நாள் வைத்தால் முட்டைகள் அழியும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு திறங்கள். அரிசி டப்பாவில் வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை முடிச்சு போடலாம். வண்டு புகுந்த பிறகு இவை துரத்தாது, வருவதற்கு முன்தான் பயன். நெல் கிடங்குகளில் வைக்கும் மாத்திரையை வீட்டில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு உயிரைக் கொல்லும். பக்கத்து அறையில் தூங்குபவரையும் விடாது.

கேள்வி: தொட்டி, டிரம் எல்லாம் மூடிவிட்டோம். அப்படியும் பகலில் கொசு கடிக்கிறது. - வாசகர், கடலூர்

பதில்: பகலில் கடிப்பது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவாக இருக்கலாம். அதற்கு ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர் போதும். ஃப்ரிட்ஜின் பின்புறம் அடியில் உள்ள தண்ணீர்த் தட்டு, பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டு, ஏ.சி. வடிகுழாய் சொட்டும் டப்பா, மேல்தொட்டியின் வழிந்தோடும் குழாய் வாய் ஆகிய நான்கையும் பாருங்கள். குழாய் வாயில் நைலான் வலை கட்டுங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், ஆகவே வாரம் ஒருமுறை கொட்டினால் சுழற்சி அறும். கொட்டினால் மட்டும் போதாது, நாரால் தேய்க்க வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பக்கச் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும், தண்ணீர் பட்டால் பொரிக்கும்.

கேள்வி: மழையில் சுவர் ஸ்விட்சைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. - வாசகர், சிதம்பரம்

பதில்: 'லேசாக' என்று விட்டுவிடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வரும் வரை அந்தச் சுவரைத் தொடாமல் இருங்கள். வயர் ஓடும் குழல் வழியாக மழைநீர் ஸ்விட்ச் பெட்டிக்குள் இறங்கியிருக்கலாம், அல்லது எர்த் கம்பி இணைப்பு துருப்பிடித்து விட்டிருக்கலாம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் இந்தப் பருவத்துக்கு முன் போட்டுவிடுங்கள். இருந்தால் அதிலுள்ள 'டி' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும்; விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாததுபோல்தான், மாற்றுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல்கோட்டைத் தாண்டாமல். மழைநீரும் ஆர்.ஓ. தண்ணீரும் அதற்கு ஆகாது.

கேள்வி: மாடியில் முப்பது தொட்டி வைத்திருக்கிறேன். மழைக்கு என்ன செய்ய வேண்டும்? இப்போது எதை விதைக்கலாம்? - வாசகி, புதுச்சேரி

பதில்: முதலில் பாரத்தை நினையுங்கள். ஒரு அடி நீளம், அகலம், உயரமுள்ள பையில் வெறும் மண் நிறைந்து ஊறினால் 45 கிலோவுக்குக் குறையாது. முப்பதையும் நடுத்தளத்தில் கூட்டி வைக்காமல் சுவரும் உத்தரமும் ஓடும் வரிசையில் பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றையும் செங்கல்மேல் தூக்கினால் அடியில் தண்ணீர் ஓடும், தளமும் காயும். தட்டுகளை எடுத்துவிடுங்கள். அடி ஓட்டையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். வேர் அடைத்திருந்தால் ஐப்பசி முதல் வாரத்திலேயே செடி அழுகும். மழைநீர்க் குழாய் வாயில் இலை போகாமல் வலைக் கூடை ஒன்று.

அவரை, முள்ளங்கி இப்போது நேரடியாக விதைக்கலாம். அவரைக்குப் பந்தலை விதைக்கும் அன்றே கட்டிவிடுங்கள், காற்றில் பிறகு கட்ட முடியாது. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்றுத் தட்டில், தாழ்வாரத்துக்கு உள்ளே, விதை போடுங்கள். தக்காளியை 25 முதல் 30 நாளிலும், கத்தரி, மிளகாயை இன்னும் சில நாள் கழித்தும் எடுத்து நடலாம். கீரையை இப்போது திறந்த வெளியில் விதைக்க வேண்டாம். கனமழை ஒன்று அடித்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். கார்த்திகைக் கடைசியில் மழை தணிந்ததும் தூவுங்கள்.